வண்டி இரவில் எங்கே நிற்கிறது?

ஜெர்மனியில் புதுக் கார் வாங்கப் போகிறவர் முன்னால் ஒரே வண்டி இரண்டு உருவில் வந்து நிற்கும். ஃபோக்ஸ்வேகன் பஸாட் என்ற பெரிய குடும்பக் காரை எடுத்துக்கொள்வோம். ஒன்று டீசல்; அதன் டேங்க் 66 லிட்டர் பிடிக்கும், ஒருமுறை நிரப்பினால் ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டி ஓடும். இன்னொன்று பிளக்-இன் ஹைபிரிட். பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த வண்டி அது. வீட்டில் சார்ஜ் ஏற்றினால், ஆய்வகச் சோதனைக் கணக்கின்படி, 100 கிலோமீட்டருக்கு மேல் பெட்ரோலைத் தொடாமலே போகும். டீசல் வண்டியின் விளம்பரம் நூறு கிலோமீட்டருக்குச் சுமார் ஐந்து லிட்டர் என்று சொல்கிறது. பிளக்-இன் வண்டியின் விளம்பரமோ இரண்டு லிட்டர்கூட ஆகாது என்கிறது. இந்த இரண்டு எண்களை மட்டும் பார்த்தால் யோசிக்கவே வேண்டியதில்லை. ஆனால் ஐரோப்பாவில் இந்த எண்களை நம்பி வாங்கிய பல லட்சம் வண்டிகள் சாலையில் உண்மையில் எவ்வளவு குடித்தன என்ற கணக்கு இப்போது கையில் இருக்கிறது. எது சிக்கனமான வண்டி என்ற கேள்விக்கு வண்டியை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடியாது என்பதே அந்தக் கணக்கு சொல்லும் பாடம். வண்டி இரவில் எங்கே நிற்கிறது, பகலில் எவ்வளவு தூரம் போகிறது என்ற இரண்டையும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

டீசலின் சிக்கனம் எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது. பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளும் காற்றும் கலந்த கலவையைத் தீப்பொறி பற்றவைக்கிறது. டீசல் எஞ்சினில் காற்றை மட்டும் பதினைந்து மடங்குக்கு மேல் அழுத்துகிறார்கள். அந்த அழுத்தத்தில் ஏறும் சூட்டிலேயே உள்ளே பீய்ச்சும் டீசல் பற்றிக்கொள்கிறது. அழுத்தம் கூடினால் அதே எரிபொருளிலிருந்து கிடைக்கும் வேலையும் கூடும். ருடால்ஃப் டீசல் 1890களில் கண்ட இந்த வழிதான் இன்றும் லாரிகளையும் கப்பல்களையும் ஓட்டுகிறது. கூடவே, ஒரு லிட்டர் டீசலில் இருக்கும் ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிடச் பத்து சதவீதத்துக்கும் மேல் அதிகம். அதனால் மைலேஜ் இன்னும் நன்றாகத் தெரிகிறது. ஆனால் அந்த அளவுக்குக் கரியும் கூடுதல்: ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வரும், டீசல் எரிந்தால் சுமார் 2.65 கிலோ. இதையெல்லாம் கழித்த பிறகும் நெடுஞ்சாலையில் டீசலே முன்னால் நிற்கிறது. 2010களின் முதல் பாதியில் மேற்கு ஐரோப்பாவில் விற்ற புதுக் கார்களில் பாதிக்கு மேல் டீசலாக இருந்ததற்கு இதுவும், டீசலுக்குப் பல நாடுகள் தந்த வரிச் சலுகையும் காரணம்.

பிளக்-இன் ஹைபிரிட்டின் சிக்கனம் வேறு வகை. இன்னோவா ஹைகிராஸ் போன்ற சாதாரண ஹைபிரிட் வண்டிகள் நமக்குப் பழக்கம். அவற்றின் பேட்டரி சிறியது. பிரேக் பிடிக்கும்போதும் எஞ்சின் ஓடும்போதும் தானே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும், வெளியிலிருந்து மின்சாரம் எடுக்காது. பிளக்-இன் வண்டியில் பேட்டரி பல மடங்கு பெரியது, அதை வெளியிலிருந்துதான் நிரப்ப வேண்டும். சீனாவின் பிஒய்டி நிறுவனம் 2008இல் இப்படி ஒரு காரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2010இல் அமெரிக்காவில் செவ்ரோலே வோல்ட் வந்தது. சார்ஜ் இருக்கும்வரை இது மின்சாரக் கார். தீர்ந்ததும், தேவையில்லாத பேட்டரியையும் மோட்டாரையும் சுமந்துகொண்டு ஓடும் கனமான பெட்ரோல் கார். பிரேக்கில் கொஞ்சம் ஆற்றல் திரும்பக் கிடைக்கும் என்றாலும், நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது அதற்கு வாய்ப்பு குறைவு. இந்த மோட்டாரும் பேட்டரியும் இடத்தையும் பிடித்துக்கொள்கின்றன: டீசல் பஸாட்டின் டிக்கி 690 லிட்டர் என்றால், பிளக்-இன் பஸாட்டில் அது சுமார் 530 லிட்டர். ஆக, டீசல் வண்டியின் சிக்கனத்தைத் தொழிற்சாலையிலேயே செய்து முடித்துவிடுகிறார்கள். பிளக்-இன் வண்டியின் சிக்கனத்தை ஒவ்வொரு இரவும் உரிமையாளர் செய்து முடிக்க வேண்டியிருக்கிறது.

உரிமையாளர்கள் அதைச் செய்கிறார்களா? 2021 முதல் ஐரோப்பாவில் விற்கும் புதுக் கார்களில் எரிபொருள் செலவைப் பதிவு செய்யும் கருவி கட்டாயம். அந்த ஆண்டு பதிவான சுமார் ஆறு லட்சம் வண்டிகளின் கணக்கை வைத்து ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. டீசல் கார்கள் ஆய்வக எண்ணைவிடச் சாலையில் சராசரியாக 18 சதவீதம் அதிகம் குடித்தன. பெட்ரோல் கார்கள் சுமார் 24 சதவீதம். பிளக்-இன் ஹைபிரிட்டில் வித்தியாசம் சதவீதத்தில் சொல்லும் அளவைத் தாண்டிவிட்டது: சாலையில் வெளிவந்த கரியமில வாயு, ஆய்வகம் சொன்னதைப் போல மூன்றரை மடங்கு. லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற நம் கணக்கில் பார்த்தால், அறுபது தரும் என்று எதிர்பார்க்க வைத்த வண்டிகள் சராசரியாகப் பதினேழு அளவில் நின்றன. எஞ்சின் கெட்டதால் நேர்ந்தது அல்ல இது. சோதனை விதி, ஓட்டுநர் எவ்வளவு தூரத்தை மின்சாரத்தில் கடப்பார் என்று ஓர் அனுமானத்தை வைத்திருந்தது. வாங்குகிறவர்கள் எல்லோரும் தினமும் சார்ஜ் ஏற்றுவார்கள் என்று அந்த அனுமானம் கிட்டத்தட்ட முடிவுகட்டியிருந்தது. சாலையில் அப்படி நடக்கவில்லை.

யார் சார்ஜ் ஏற்றவில்லை என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். போக்குவரத்து ஆய்வு அமைப்பான ஐசிசிடியும் ஜெர்மனியின் ஃபிரவுன்ஹோஃபர் ஆய்வு நிறுவனமும் 2022இல் ஐரோப்பியக் கணக்குகளைத் திரட்டின. சொந்தப் பணத்தில் வாங்கியவர்கள் தங்கள் ஓட்டத்தில் 45 முதல் 49 சதவீதம்வரை மின்சாரத்தில் ஓட்டியிருந்தார்கள். நிறுவனம் கொடுத்த வண்டியை வைத்திருந்தவர்கள் 11 முதல் 15 சதவீதம் மட்டுமே. முதல் வகையினருக்கு லிட்டருக்கு 23 முதல் 25 கிலோமீட்டர் கிடைத்தது, இரண்டாம் வகையினருக்கு 12 அல்லது 13. காரணம் எளிது. ஜெர்மனியில் நிறுவன வண்டியைச் சொந்த வேலைக்கும் ஓட்டுபவர் மாதம்தோறும் வண்டி விலையில் ஒரு சதவீதத்தை வருமானமாகக் கணக்கு காட்டி வரி கட்ட வேண்டும். பிளக்-இன் என்றால் அது பாதியாகும். வரிச் சலுகை வண்டியை வாங்கியதற்குத்தான் கிடைக்கிறது, சார்ஜ் ஏற்றியதற்கு அல்ல. பெட்ரோலுக்கோ நிறுவனத்தின் அட்டை இருக்கிறது. வீட்டு மின்கட்டணம் மட்டும் சொந்தப் பையிலிருந்து போகும். பிரிட்டனில் நிறுவனங்கள் திருப்பி ஒப்படைத்த சில வண்டிகளின் டிக்கியில் சார்ஜ் கேபிள் உறைகூடப் பிரிக்கப்படாமல் கிடந்ததாக 2018இல் செய்தி வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் பிரிட்டன் பிளக்-இன் ஹைபிரிட்டுக்கான மானியத்தை நிறுத்தியது. ஜெர்மனி 2022 முடிவில் நிறுத்தியது.

இனி பணக்கணக்கு. இதற்குச் சில எண்களை வைத்துக்கொள்வோம். விலை மாறினாலும் கணக்குப் போடும் முறை மாறாது. டீசல் கார் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தருகிறது, அதாவது நூறு கிலோமீட்டருக்கு ஐந்தரை லிட்டர். பிளக்-இன் வண்டி மின்சாரத்தில் ஓடினால், சார்ஜ் ஏற்றும்போது ஆகும் விரயத்தையும் சேர்த்து, நூறு கிலோமீட்டருக்கு 20 யூனிட்; சார்ஜ் தீர்ந்து பெட்ரோலில் ஓடினால் லிட்டருக்கு 14 கிலோமீட்டர், அதாவது ஏழு லிட்டருக்குச் சற்று மேல். பிரிட்டனில் நள்ளிரவுச் சலுகைக் கட்டணத்தில் யூனிட் 8 பென்ஸ் என்றால், மின்சாரத்தில் நூறு கிலோமீட்டர் போக 1.60 பவுண்டுதான் ஆகும். லிட்டர் 1.45 பவுண்டு டீசலில் அதே தூரம் எட்டு பவுண்டு, 1.40 பவுண்டு பெட்ரோலில் ஏறக்குறைய பத்து. இந்தச் சலுகைக் கட்டணம் உள்ள வீட்டில் மொத்த ஓட்டத்தில் கால்பங்கு மின்சாரத்தில் போனாலே பிளக்-இன் வண்டி டீசலை வென்றுவிடும். அதே வண்டியைச் சாலையோரப் பொதுச் சார்ஜரில் யூனிட் 60 பென்ஸ் கொடுத்து நிரப்பினால், நூறு கிலோமீட்டருக்கு 12 பவுண்டு. அது பெட்ரோலைவிடவும் அதிகம். எத்தனை முறை சார்ஜ் ஏற்றினாலும் டீசலைப் பிடிக்கவே முடியாது. ஜெர்மனி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அங்கே வீட்டு மின்சாரம் யூனிட் 35 சென்ட், டீசல் 1.60 யூரோ, பெட்ரோல் 1.75 யூரோ என்றால், ஓட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு மின்சாரத்தில் போனால்தான் இரண்டும் சமமாகும். தனியார் உரிமையாளர்களின் சராசரியே பாதியைத் தொடவில்லை என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

ஒரே வண்டி ஒரு வீட்டில் லாபமாகவும் பக்கத்துத் தெருவில் நட்டமாகவும் இருப்பது இதனால்தான். லண்டனில் நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பகுதிகளைப் பார்த்தால் நூறாண்டு பழைய வரிசை வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும். வாசலைத் தாண்டினால் நடைபாதை, அதைத் தாண்டினால் தெரு. வண்டி தெருவில் நிற்கிறது, அதுவும் அன்று இடம் கிடைத்த வாசலில். வீட்டிலிருந்து கேபிளை நடைபாதைக்குக் குறுக்கே இழுத்தால் வழிப்போக்கர் தடுக்கி விழுவார். நடைபாதையில் கேபிளுக்கென்று சின்னக் கால்வாய் வெட்டிக்கொள்ளச் சில மாநகராட்சிகள் அனுமதிக்கின்றன, எல்லா இடத்திலும் அது இல்லை. சொந்த வாசலில் வண்டி நிறுத்துபவர் வீட்டு மின்சாரத்துக்கு 5 சதவீதம் வரி கட்டுகிறார். தெரு சார்ஜரை நம்பியிருப்பவர் அதே மின்சாரத்துக்கு 20 சதவீதம் கட்டுகிறார். வசதி குறைந்தவர்தான் கூடுதலாகக் கொடுக்கிறார். இது நியாயமில்லாத ஏற்பாடு. வண்டி வாங்குகிறவரின் தவறு இதில் எதுவும் இல்லை, ஆனால் மாதச் செலவைத் தாங்கப் போவது அவர்தான்.

அப்படியானால் வாசல் இல்லாதவர்களுக்கு டீசல்தான் சரி என்று முடித்துவிடலாமா? முடியாது. டீசலும் தனக்கென்று ஒரு வாழ்க்கை முறையைக் கேட்கும் வண்டி. அதன் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. நிரம்பியதும் சுமார் 600 டிகிரி சூட்டில் அந்தக் கரியை எரித்துச் சாம்பலாக்கிக்கொள்ளும். அந்தச் சூடு வர வண்டி கொஞ்ச நேரம் நிற்காமல் வேகமாக ஓட வேண்டும். பிள்ளைகளைப் பள்ளியில் விட மூன்று கிலோமீட்டர், கடைக்கு இரண்டு கிலோமீட்டர் என்றே ஓடும் டீசல் காரில் எஞ்சின் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடும். வடிகட்டி அடைத்துக்கொள்ளும், அதை மாற்றுவது பெருஞ்செலவு. நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க யூரியாக் கரைசல் தெளிக்கும் ஏற்பாடும் சூடேறிய பிறகுதான் ஒழுங்காக வேலை செய்யும். நகருக்குள் குறுந்தூரம் மட்டும் ஓடும் டீசல் கார், சார்ஜ் ஏற்றாத பிளக்-இன் வண்டியைப் போலவே, தப்பான வீட்டில் வாழ்க்கைப்பட்ட வண்டி.

நுரையீரலின் கணக்கும் இருக்கிறது. 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, ஃபோக்ஸ்வேகன் தன் டீசல் கார்களில் சோதனையை ஏமாற்றும் மென்பொருள் வைத்திருந்ததாக அறிவித்தது. சில வண்டிகள் சாலையில் அனுமதித்த அளவைப் போல 40 மடங்குவரை நைட்ரஜன் ஆக்சைடு கக்கின. உலகம் முழுவதும் சுமார் 1.1 கோடி வண்டிகள் இதில் அகப்பட்டன. அதன் பிறகு டீசல் தலையெடுக்கவில்லை. 2024இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்ற புதுக் கார்களில் அது சுமார் 12 சதவீதம்தான். நகரங்களுக்கு டீசல் வண்டிகளைத் தடுக்கும் அதிகாரம் உண்டு என்று லைப்சிக்கில் உள்ள கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. லண்டன் முழுவதும் 2023 ஆகஸ்ட் 29 முதல் யூரோ 6 என்ற புகைத் தரத்துக்குக் குறைந்த டீசல் கார் ஓடினால் நாளொன்றுக்கு 12.50 பவுண்டு கட்ட வேண்டும். இன்றைய புது டீசல் கார்களை ஆய்வகத்தோடு விடாமல் சாலையிலும் சோதிக்கிறார்கள், அவை பழையவற்றைவிட மிகவும் சுத்தமானவை என்று டீசலுக்காகப் பேசுபவர்கள் சொல்வது உண்மைதான். தினமும் நூற்றைம்பது கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் போகிறவருக்கு அந்த வாதம் முழுமையாகச் செல்லும். பள்ளி வாசலில் எஞ்சினை ஓடவிட்டு நிற்பவருக்கு அது செல்லாது.

பிளக்-இன் பக்கமிருந்து வரும் மறுப்பு வலுவானது. சோம்பேறிகளின் சராசரியை வைத்து ஏன் என்னை அளக்கிறீர்கள், நான் தினமும் செருகுவேன் என்பார்கள். நியாயம்தான். இந்த வாதத்தின் சாரமே அதுதான்: சராசரியை மறந்துவிட்டு உங்கள் நாட்களைப் பாருங்கள். போக வர 50 கிலோமீட்டர் அலுவலகம், சொந்த வாசல், இரவுக் கட்டணம், வருடத்தில் நாலைந்து நீண்ட பயணம் என்று இருப்பவர் ஓட்டத்தில் முக்கால் பங்கை மின்சாரத்தில் முடித்துவிடுவார். கரிக் கணக்கும் அவர் பக்கமே. டீசல் எரிப்பதில் மட்டும் நூறு கிலோமீட்டருக்குச் சுமார் 14.6 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. கச்சா எண்ணெய் எடுத்துச் சுத்திகரிப்பது தனி. பிரிட்டன் தன் கடைசி நிலக்கரி மின்நிலையமான ராட்கிளிஃப்-ஆன்-சோரை 2024 செப்டம்பர் 30 அன்று மூடிவிட்டது. அங்கே ஒரு யூனிட்டுக்கு 150 கிராம் என்று தாராளமாக வைத்தாலும் நூறு கிலோமீட்டருக்கு மூன்று கிலோதான். நிலக்கரியை இன்னும் விடாத ஜெர்மனியில் யூனிட்டுக்கு 360 கிராம் அளவு வைத்தால் ஏழு கிலோ. அதுவும் டீசலில் பாதிதான். ஆனால் சார்ஜ் தீர்ந்த பிறகு பெட்ரோலில் நூறு கிலோமீட்டருக்குப் பதினாறு கிலோவைத் தாண்டும், டீசலைவிட அதிகம். நிறுவன வண்டிகளின் 11 முதல் 15 சதவீத மின்சார ஓட்டம் டீசலுக்குச் சமமாக வந்து நிற்பதோடு சரி. அரசு கொடுத்த வரிச் சலுகையில் காற்றுக்கு எந்த லாபமும் சேரவில்லை.

இந்த இரண்டும் எதற்கு, முழு மின்சாரக் கார் இருக்கிறதே என்ற கேள்வியும் தவிர்க்க முடியாதது. சொந்த வாசலும் சிறு தினசரி ஓட்டமும் உள்ள பலருக்கு அதுவே நல்ல விடை. இரண்டு எந்திரங்களைப் பராமரிக்கும் தொல்லையும் இல்லை. பிளக்-இன் வண்டிக்குப் பேட்டரி, மோட்டார் ஆகியவற்றோடு எண்ணெய் மாற்றும் சர்வீஸும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. ஆனால் கேரவன் இழுப்பவர்களும், வேக சார்ஜர் அரிதான கிராமப்புறங்களில் அடிக்கடி நீண்ட தூரம் போகிறவர்களும், ஒரே வண்டியால் எல்லாவற்றையும் சமாளிக்கும் குடும்பங்களும் இன்னும் இருக்கிறார்கள். டீசல், பிளக்-இன் இரண்டின் நன்மையும் வேண்டும் என்று வால்வோ 2012இலேயே டீசல் எஞ்சின் கொண்ட பிளக்-இன் வண்டியைக் கொண்டுவந்தது. மெர்சிடிஸ் பிறகு அதைத் தொடர்ந்தது. தினமும் மின்சாரத்திலும், விடுமுறையில் நெடுஞ்சாலையில் டீசலிலும் போகும் ஒருவருக்கு அது பொருந்தும். விலையும் எடையும் கூடுவதால் அந்த வகை பெரிதாகப் பரவவில்லை.

அரசுகளும் மெதுவாகப் பாடம் படிக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2025 முதல் புது மாடல்களுக்குச் சோதனை அனுமானத்தைத் திருத்தி, மக்கள் உண்மையில் சார்ஜ் ஏற்றும் அளவை நோக்கி இறக்கத் தொடங்கியிருக்கிறது. அடுத்த கட்டத் திருத்தமும் வரிசையில் நிற்கிறது. விளம்பரத்தில் வரும் எண் இனி சாலைக்குக் கொஞ்சம் நெருங்கி வரும். பிரிட்டன் 2030 முதல் பெட்ரோலில் மட்டும், டீசலில் மட்டும் ஓடும் புதுக் கார்களை விற்க விடப்போவதில்லை. ஹைபிரிட் வகைகளுக்கு 2035வரை அவகாசம் தந்திருக்கிறது. பழைய வண்டியாக விற்கும்போது என்ன விலை கிடைக்கும் என்று யோசிப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆனால் எந்த விதித் திருத்தமும், வரிச் சலுகையும் ஒரு கேபிளை எடுத்துச் செருகாது.

அதனால் விற்பனைக் கூடத்துக்குப் போகும் முன் இரண்டு வாரம் ஒரு சின்னக் குறிப்பு எழுதி வைப்பது எந்த விளம்பரத்தையும்விட உதவும். ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோமீட்டர் ஓடினோம், வண்டி இரவில் எங்கே நின்றது, அங்கே மின்சாரம் என்ன விலை என்ற மூன்றை மட்டும் எழுதினால் போதும். பெரும்பாலான நாட்கள் பேட்டரியின் எல்லைக்குள் அடங்கி, வண்டி சொந்த வாசலில் மலிவு மின்சாரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தால், பிளக்-இன் வண்டி தன் வாக்கைக் காப்பாற்றும். வாரத்தில் பல நாள் இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் என்று குறிப்பு சொன்னால் நல்ல யூரோ 6 டீசலே மிச்சம் பிடிக்கும். தினமும் குறுந்தூரம், இரவில் தெருவில் நிறுத்தம் என்றால் இரண்டுமே தப்பான வண்டி. சாதாரண பெட்ரோல் ஹைபிரிட்டோ பேருந்துச் சீட்டோ அந்தக் குடும்பத்துக்கு மேல். பதினான்கு நாட்களின் அந்தக் குறிப்பில் இருப்பது அவரவர் வாழ்க்கையின் அளவு. விற்பவர் கையில் இருப்பதோ ஆய்வகத்தின் அளவு. இரண்டில் எதற்குப் பணம் கட்டப் போகிறோம் என்பதை வாசலில் நின்று யோசித்துவிட்டுக் கிளம்பலாம்.